3,52,698 முறை கேட்டவர்: ஒரு பரிந்துரை நிரல் கட்டிய பதிவு

போன ஞாயிறு இரவு பதினொன்றரை மணிக்கு, டெபெஷ் மோட் என்ற பிரிட்டிஷ் இசைக் குழுவைக் கேட்பவர்கள் வேறு யாரைக் கேட்பார்கள் என்று என் நிரலிடம் கேட்டேன். வந்த பத்துப் பெயர்களில் எரேஷர் இருந்தது. டெபெஷ் மோடைத் தொடங்கியவர்களில் ஒருவரான வின்ஸ் கிளார்க், 1981-இல் முதல் ஆல்பம் வந்த கையோடு அதிலிருந்து விலகி, பிறகு 1985-இல் ஆரம்பித்த குழு அது. நிரலுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பாட்டு எந்த வகை, எந்த நாடு, எந்தக் காலம், எதுவும் சொல்லித் தரவில்லை. யார் எந்தக் கலைஞரை எத்தனை முறை கேட்டார் என்ற எண்கள் மட்டும்தான் அதன் கையில் இருந்தன. அந்தப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நாலு வாரமாக சனி, ஞாயிறு உட்கார்ந்து செய்த வேலை அப்போதுதான் வழிக்கு வந்தது.

எடுத்துக்கொண்ட வேலை இதுதான். நட்சத்திரம், விருப்பக்குறி, கருத்து எதுவும் இல்லாமல், மனிதர்கள் செய்ததை மட்டும் பார்த்து அவர்களுக்குப் பிடிக்கக்கூடியதைச் சொல்ல வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் பத்து லட்சம் டாலர் பரிசு வைத்து நடத்திய போட்டியில் கொடுத்தது நட்சத்திர மதிப்பெண்கள். அங்கே ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பாட்டுக் கேட்பதில் அப்படி ஒரு வாக்குமூலம் கிடைக்காது. கேட்டார் என்பது தெரியும், அவ்வளவுதான். கேட்காததற்குக் காரணம் பிடிக்காததா, அப்படி ஒரு பெயரையே அறியாததா என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

டேட்டாவுக்கு, பயனர்கள் கேட்கும் பாட்டுகளைப் பதிவு செய்யும் லாஸ்ட்.எஃப்எம் தளத்தின் தொகுப்பை எடுத்தேன். 2011-இல் சிகாகோவில் நடந்த ஹெட்ரெக் என்ற பரிந்துரை ஆய்வுப் பட்டறைக்காகத் தொகுத்தது. குரூப்லென்ஸ் என்ற ஆய்வுக் குழுவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1,892 பயனர்கள், 17,632 கலைஞர்கள், 92,834 வரிகள். ஒவ்வொரு வரியிலும் பயனர் எண், கலைஞர் எண், எத்தனை முறை கேட்டார் என்ற எண்ணிக்கை. பயனர்களைக் கிடைமட்டமாகவும் கலைஞர்களைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு அணி (மேட்ரிக்ஸ்) போட்டால் 3.34 கோடிக் கட்டங்கள் வரும். அவற்றில் நிரம்பியிருப்பது 0.28 சதவீதம். மீதி எல்லாம் காலி.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், பைத்தான் நிரல்மொழி, அதன் நூலகங்களான நம்பை, சைபை, பாண்டாஸ். முக்கியமான பகுதியை நானே எழுத வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆயத்த நூலகத்தைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை முழுக்க ஒரு சின்ன விஷயத்தில் போனது. இந்தத் தொகுப்பில் கலைஞர்கள் 17,632 பேர்தான், ஆனால் அவர்களுடைய எண்கள் 18,745 வரை போகின்றன. பயனர் எண்களும் அப்படியே, 2,100 வரை. நடுநடுவே எண்கள் விட்டுப்போயிருக்கின்றன. நான் ஒரு இடத்தில் அந்த எண்ணையே நெடுவரிசை எண்ணாக வைத்தேன், இன்னொரு இடத்தில் பாண்டாஸ் கொடுத்த தொடர் எண்ணை வைத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பெயர்கள் மட்டும் மாறிமாறி வந்தன. லேடி காகாவைக் கேட்பவருக்கு ஜப்பானிய ராக் குழுக்களாக வந்தபோதும், நிரல் ஏதோ நுட்பமாகக் கண்டுபிடித்திருக்கிறது என்றே நினைத்தேன். இப்போது முதல் வேலையாக எண்ணிலிருந்து வரிசைக்கும், வரிசையிலிருந்து எண்ணுக்கும் இரண்டு அகராதிகள் செய்துவிடுகிறேன். கூடவே மூன்று பெயர்களை எடுத்து, அசல் கோப்பில் அவர்களுக்கு எத்தனை கேட்பாளர்கள், அணியில் எத்தனை என்று சரிபார்க்கிறேன். லேடி காகாவுக்கு 611, பிரிட்னி ஸ்பியர்ஸுக்கு 522, டெபெஷ் மோடுக்கு 282 வர வேண்டும். வந்தால்தான் அடுத்த அடி.

அடுத்த தப்பு பெரியது. கேட்ட எண்ணிக்கையை மதிப்பெண்ணாக மாற்றினேன். ஒவ்வொரு பயனருக்கும் அவர் அதிகம் கேட்டது 5, குறைவாகக் கேட்டது 1 என்று ஐந்து படிகளாகப் பிரித்து, நட்சத்திர மதிப்பெண்ணுக்குச் செய்வதைப் போலவே நிரம்பிய கட்டங்களை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுத்தேன். பிழை அளவு அழகாக இறங்கியது. பரிந்துரையைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லோருக்கும் யாரும் கேள்விப்படாத பெயர்கள்! ஒரே ஒருவர் மட்டும் கேட்ட கலைஞராக இருப்பார், அந்த ஒருவர் அவரையே அதிகம் கேட்டிருப்பார், அதனால் அவருக்கு முழு 5. காலிக் கட்டங்களை நிரல் பார்க்கவே இல்லை. 1,891 பேர் அந்தக் கலைஞரைக் கேட்கவில்லை என்பதும் ஒரு செய்திதான். அதை நானே தூக்கிக் குப்பையில் போட்டிருந்தேன்.

இங்கேதான் யீஃபான் ஹு, யெஹுதா கோரன், கிறிஸ் வோலின்ஸ்கி மூவரும் 2008-இல் எழுதிய கட்டுரையிடம் போனேன். அவர்கள் எடுத்தது தொலைக்காட்சி: சுமார் 3 லட்சம் செட்டாப் பெட்டிகள், 17,000 நிகழ்ச்சிகள். அவர்கள் செய்த முக்கியமான காரியம், ஒரு எண்ணை இரண்டாகப் பிரித்தது. பார்த்தாரா இல்லையா என்பது ஒன்று, அது 1 அல்லது 0. அந்த 1-ஐயோ 0-ஐயோ எவ்வளவு உறுதியாக நம்பலாம் என்பது இன்னொன்று. எண்ணிக்கை இரண்டாவதற்குள் போகிறது. காலிக் கட்டத்துக்கும் ஒரு எடை உண்டு, ஆனால் சின்ன எடை, 1. பார்த்த கட்டத்துக்கு, 1 கூட்டல் 40 பெருக்கல் எண்ணிக்கை. ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு கலைஞருக்கும் காரணிகள் என்று சில எண்களைக் கொடுத்து, பயனர் பக்கத்து எண்களைப் பிடித்துவைத்துக் கலைஞர் பக்கத்தைச் சரிசெய்வது, பிறகு அதைப் பிடித்துவைத்து இதைச் சரிசெய்வது என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

படித்ததை அப்படியே நிரலாக்கினேன், லேப்டாப் உறைந்து நின்றது. ஏன் என்று அப்போது புரியவில்லை. ராம் போதவில்லை என்று நினைத்து, மறுநாள் கடைக்குப் போய் 1,900 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி அட்டை வாங்கிப் போட்டேன். அப்புறம் ஓடியது, ஆனால் ஒரு பயனருக்குப் பத்து விநாடி. 1,892 பேருக்கு ஐந்தேகால் மணி நேரம். அதுவும் ஒரு சுற்றின் பாதி மட்டும். எனக்குத் தேவை பதினைந்து சுற்றுகள்.

காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு பயனருக்கும் எடைகளை மூலைவிட்டத்தில் வைத்து 17,632-க்கு 17,632 அளவில் ஒரு முழு அணி செய்துகொண்டிருந்தேன். 31 கோடி எண்கள், எண்ணுக்கு 8 பைட், ஆக 2.5 ஜிபி. அதிலிருந்து 1-ஐக் கழிக்க அதே அளவில் இன்னொரு அணி, கழித்து வந்த விடைக்கு மூன்றாவது அணி. மொத்தம் 7.5 ஜிபி. இத்தனையும் மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களுக்காக, அதிலும் 1-ஐக் கழித்த பிறகு பூச்சியம் இல்லாமல் மிஞ்சும் ஐம்பது எண்களுக்காக!

கட்டுரையிலேயே வழி இருந்தது. அவசரத்தில் தாண்டிப் போயிருந்தேன். எல்லாக் கலைஞர்களுக்கும் பொதுவான பெருக்கலை ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறை செய்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு 64 காரணிகள் என்பதால் அது வெறும் 64-க்கு 64. பிறகு ஒவ்வொரு பயனருக்கும் அவர் கேட்ட ஐம்பது கலைஞர்களின் கூடுதல் எடையை மட்டும் அதன் மேல் சேர்த்தால் போதும். மாற்றி எழுதியது பதினோரு வரி. ஒரு சுற்றில் 1,892 பயனர், 17,632 கலைஞர், ஆக 19,524 சின்னச் சமன்பாட்டுத் தொகுதிகள். ஒரு சுற்று நாலைந்து விநாடியில் முடிந்தது. பதினைந்து சுற்றும் ஒரு டீ குடிப்பதற்குள். வாங்கிய ராம் அட்டை இதற்குத் தேவையே பட்டிருக்காது. இனி எதையும் வாங்குவதற்கு முன்னால், நிரலில் பெரிய அணி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் நீள அகலத்தை எழுதிப் பெருக்கிப் பார்த்துவிடுவேன்.

வேகம் வந்துவிட்டது, பரிந்துரை இன்னும் கோணலாகவே இருந்தது. முக்கியமாக டெபெஷ் மோட். அதன் பக்கத்தில் வந்த பத்துப் பெயர்களுக்குள் எந்த ஒட்டும் இல்லை. எண்ணிக்கையைக் கொஞ்சம் கிளறலாம் என்று இறங்குவரிசையில் அடுக்கினேன். முதல் வரியைப் பார்த்ததும் கோப்பை மறுபடி படிக்க வைத்தேன், எண் மாறவில்லை. 1642 என்ற எண்ணுள்ள பயனர், டெபெஷ் மோட், 3,52,698 முறை.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். எண்ணைக் காட்டினேன். கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டான். "பாட்டுக்கு நாலு நிமிஷம் வச்சாலும் 980 நாள் வருதுக்கா. ராத்திரி பகல் நிறுத்தாம ரெண்டு வருஷம் எட்டு மாசம்."

"அப்ப ஒரு ஆளா இருக்க முடியாதுங்கிறியா?"

"ஆளா இருக்கலாம். ஆனா நாள் முழுக்கப் பாட்டு ஓடுற கடைன்னா? கல்லாவுல ஒருத்தர், சமையல்ல ஒருத்தர், வர்றவங்க போறவங்க. கணக்கு மட்டும் ஒண்ணு."

லாஸ்ட்.எஃப்எம் ஒரு பாட்டைக் கேட்டதாகக் கணக்கில் வைக்க, அது 30 விநாடிக்கு மேல் நீளமானதாக இருக்க வேண்டும். பாதி நேரமோ நாலு நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடியிருக்க வேண்டும். அறையில் யாராவது இருந்தார்களா என்று அது பார்ப்பதில்லை. தம்பி சொன்னதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு என் பார்வை மாறியது. அதுவரை எண்ணிக்கையைப் பிரியத்தின் அளவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டேன். டெபெஷ் மோடுக்கு 282 பேரும் சேர்ந்து மொத்தம் 13,01,308 முறை. அதில் 27 சதவீதம் இந்த ஒரு கணக்கிலிருந்து. தொகுப்பிலுள்ள வரிகளில் பாதி 260-ஐத் தாண்டுவதில்லை, நாலில் மூன்று பங்கு 614-க்குள் அடங்கிவிடும். 40-ஆல் பெருக்கினால் 260 முறை கேட்டவருக்கு எடை 10,401. இவருக்கு 1,41,07,921. டெபெஷ் மோடின் இடத்தைத் தீர்மானிக்கும்போது மற்ற 281 பேரும் பேசலாம், ஆனால் இவர் குரல்தான் கேட்கும். இவர் கேட்ட மற்ற கலைஞர்கள் எல்லாம் அந்தக் குழுவின் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கோணல் அங்கேதான் இருந்தது.

முதலில் அவரை நீக்கிவிட்டேன். அடுத்தவர் முளைத்தார், அவரையும் நீக்கினேன். இப்படி எத்தனை பேரை நீக்குவது? எந்த எண்ணில் கோடு போடுவது? அவர் உண்மையிலேயே அந்தக் குழுவின் மேல் உயிரை வைத்திருக்கும் ஒரு மனிதராகவும் இருக்கலாமே. அப்படிப்பட்டவரைத் துரத்திவிட்டு இசைக்குப் பரிந்துரை அமைப்பு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டு, எண்ணிக்கையின் இயல் மடக்கையை (natural log) எடுத்தேன், அது பெரிய எண்களை வெகுவாகச் சுருக்கிவிடும். இதுவும் அதே கட்டுரையில் மாற்று வழியாகச் சொல்லியிருப்பதுதான். 1 கூட்டல் 40 பெருக்கல், எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டியதன் மடக்கை. இப்போது ஒரே ஒரு முறை கேட்டவருக்கு எடை ஏறக்குறைய 29. 260 முறை கேட்டவருக்கு 224. 1642-ஆம் பயனருக்கு 512. இன்னும் அவர்தான் உரக்கப் பேசுகிறார், ஆனால் 260 முறை கேட்டவரைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

40 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பல பயிற்சிப் பக்கங்களில் இதை வேதவாக்கு போல அப்படியே போட்டுவிடுகிறார்கள். அது அவர்களுடைய தொலைக்காட்சி டேட்டாவுக்கு ஒத்துவந்த எண். நான் 1, 5, 10, 40 நான்கையும் ஓட்டிப் பார்த்தேன். மடக்கை எடுத்த பிறகு 10-க்கும் 40-க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரணிகள் அளவுமீறிப் பெரிதாகாமல் பிடித்துவைக்கும் கட்டுப்பாட்டு எண்தான் அதிகம் படுத்தியது. 0.1-இல் தொடங்கியிருந்தேன். எடைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது 0.1 இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. 10-ஐத் தாண்டிய பிறகுதான் அசைவே தெரிந்தது.

சரி, கண்ணுக்கு நன்றாக இருப்பது போதாது, அளக்க வேண்டும். இருபதுக்குக் குறைவான கலைஞர்கள் உள்ள பயனர்களை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொருவரிடமிருந்தும் பத்துக் கலைஞர்களைக் கண்மூடி எடுத்து மறைத்துவைத்தேன். மீதியில் பயிற்சி. பிறகு நிரல் சொல்லும் முதல் பத்தில் மறைத்தவை எத்தனை வருகின்றன என்று எண்ண வேண்டும். ஒப்பிட, எல்லோருக்கும் ஒரே பிரபலப் பட்டியலைக் கொடுக்கும் ஒரு நிரலையும் எழுதினேன். அதற்கு நாலு வரி போதும்.

முதல் அளவீட்டில் எனக்கும் 0, பிரபலப் பட்டியலுக்கும் 0. குறைவு என்றால் நம்பலாம், சுத்தமான பூச்சியத்தை நம்ப முடியாது. லேடி காகாவை 611 பேர் கேட்டிருக்கிறார்கள், பிரபலப் பட்டியல் குருட்டாம்போக்கிலாவது சிலரிடம் பொருந்தியிருக்க வேண்டும். தேடினால், ஏற்கெனவே கேட்டதைத் திரும்பப் பரிந்துரைக்கக்கூடாது என்று வைத்த வடிகட்டிக்கு முழு அணியைக் கொடுத்திருந்தேன், மறைத்துவைத்த பத்தும் உள்பட. விடைகளை வடிகட்டியே எடுத்துவிட்டது. பயிற்சிக்கு வைத்த அணியைக் கொடுத்ததும் எண்கள் உயிர்பெற்றன. பிரபலப் பட்டியல் ஆளுக்குச் சராசரியாக ஒன்றைக்கூடத் தொடவில்லை. எண்ணிக்கையை நேரடியாகப் பெருக்கிய என் பழைய முறை ஒன்றைச் சுற்றியே நின்றது, அவ்வளவு பாடுபட்டும். மடக்கை எடுத்தது இரண்டை நெருங்கியது. காரணிகளை 64-இலிருந்து 128 ஆக்கியபோது நேரம்தான் கூடியது.

பத்தில் இரண்டு என்பது குறைவாகத் தெரியலாம். இந்தத் தொகுப்பில் ஒவ்வொருவருக்கும் அவர் அதிகம் கேட்ட ஐம்பது பேர்வரைதான் இருக்கிறார்கள், சராசரி 49. ஐம்பத்தொன்றாவது இடத்தில் இருப்பவரை நான் பரிந்துரைத்தால் அது நல்ல பரிந்துரைதான், ஆனால் என் அளவுகோல் அதைத் தப்பு என்று எழுதிக்கொள்ளும். இந்தத் தொகுப்பில் காலிக் கட்டத்துக்கு, "கேட்கவில்லை" என்பதோடு "கேட்டிருக்கலாம், பட்டியலில் இடம் கிடைக்கவில்லை" என்றும் அர்த்தம் உண்டு. காலிக்குக் கொடுத்த எடை 1 ஏன் சின்னதாகவே இருக்க வேண்டும் என்பது எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது.

கடைசியாக, பென் ஃப்ரெடெரிக்சன் எழுதிய இம்ப்ளிசிட் நூலகத்தோடு ஒப்பிட்டேன். பழைய பயிற்சிப் பக்கம் ஒன்றைப் பார்த்து அணியைப் புரட்டிக் கொடுத்தேன், உளறலாக வந்தது. பரிந்துரைத்த கலைஞர் எண்கள் எல்லாம் 1,892-க்குள்ளேயே இருப்பதைக் கவனித்தபோது பிடிபட்டது: பயனர்களைக் கலைஞர்களாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 0.5 பதிப்பிலிருந்து அந்த நூலகம் பயனர்களைக் கிடைமட்டத்தில்தான் எதிர்பார்க்கிறது. நிமிர்த்திக் கொடுத்ததும் என் எண்களோடு ஏறக்குறைய ஒத்துவந்தது, வேகம் மட்டும் பல மடங்கு. இனி வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துவேன். ஆனால் கையால் எழுதியிராவிட்டால் 3,52,698-ஐ நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

செலவு: டேட்டா, மென்பொருள் எல்லாம் இலவசம். ராம் அட்டை 1,900. வாடகைக் கணினி எடுக்கவில்லை, இந்த அளவு டேட்டாவுக்குத் தேவையும் இல்லை. நேரம் எட்டு நாள். அதில் ஐந்து நாள் மேலே சொன்ன தப்புகளுக்கு.

அடுத்த முறை முதலில் மாற்றப்போவது அளக்கும் விதம். கண்மூடிப் பத்தை மறைப்பது நிஜ வாழ்க்கையைப் போல இல்லை. நேற்றுவரை கேட்டதை வைத்து நாளைக்குக் கேட்கப்போவதைச் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பில் கேட்ட நேரம் இல்லை. லாஸ்ட்.எஃப்எம்மிலேயே 992 பயனர்களின் இன்னொரு தொகுப்பு இருக்கிறது, 1.91 கோடி வரிகள், ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்ட நாளும் நேரமும் உண்டு. பல பயனர்களுக்கு நாடும் இருக்கிறது, அதனால் உள்ளூர் நேரத்தை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். தூங்கும் நேரமே இல்லாமல் மாதக்கணக்கில் பாட்டு ஓடும் கணக்குகளை முதலில் தனியாக எடுத்துப் பார்க்கப்போகிறேன். தம்பி இப்போதே அந்தக் கணக்குகளுக்குக் 'கடைக் கணக்கு' என்று பெயர் வைத்துவிட்டான். கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.